சுவரில் ஒட்டிய தாள்

ஜூன் 8, ஞாயிறு

காலையிலேயே வெயில். பழங்காநத்தம் முழுக்கக் கரண்ட் இல்லை. எழுமலைப் பக்கத்திலிருந்து தங்கை செல்லம் போன். அடுப்படிச் சுவரில் விரிசல் பெரிதாகிவிட்டதாம். கல்குவாரி வெடிதான் காரணம் என்கிறாள். குவாரியைப் பெரிதாக்க வியாழக்கிழமை கருத்துக் கேட்புக் கூட்டம். அதில் பேசியே தீர வேண்டும் என்கிறாள். அவள் மகன் முருகேசன் அதே குவாரியில் டிப்பர் டிரைவர். "உங்க ஆத்தா கூட்டத்துக்கு வராமப் பாத்துக்க" என்று மேனேஜர் அவனிடம் சொல்லியாயிற்று.

நாளை போக வேண்டும். எடுக்க: பி.பி. மாத்திரை, பசை, வெள்ளைத்தாள்.

ஜூன் 9, திங்கள்

பஸ்ஸில் நிற்கத்தான் இடம். வீட்டில் தாய்க்கும் மகனுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. விரிசலுக்குக் குறுக்கே தாள் ஒட்டினேன்.

"என்ன பெரியம்மா, செவுத்துக்குப் பிளாஸ்திரியா?" முருகேசன்.

பழைய விரிசல் என்றால் தாள் அப்படியே இருக்கும், இன்னும் விரிந்தால் கிழியும் என்றேன்.

"அப்பச் சரி. வியாழக்கிழமைக்குள்ள கிழிஞ்சா நானே வந்து பேசுறேன். கிழியலேன்னா ஆத்தா வாயத் தொறக்கக் கூடாது. டிப்பர் இல்லேன்னா எனக்குத் திருப்பூருதான்."

செல்லம் தலையாட்டினாள். பகல் ஒரு மணிக்குச் சங்கு, பிறகு வெடி. பாத்திரமெல்லாம் அதிர்ந்தது. செல்லம் அதற்கு முன்பே சோற்றுத் தட்டோடு வேப்பமரத்தடிக்குப் போயிருந்தாள். காற்றாட என்றாள். காற்றே இல்லை.

தாள் கிழியவில்லை.

ஜூன் 11, புதன்

தாள் அப்படியே. செல்லம் சரியாகச் சாப்பிடவில்லை. டீக்கடையில் இருவர்:

"குவாரிய மூடுனா என்னத்தத் திங்கிறது, கல்லையா?"

"இப்ப மட்டும் என்னத்த திங்கிற மாப்ள, தூசியத்தான."

பொருளாதாரப் பாடம் எடுக்கும்போது வகுப்பில் எண்ணெய் நாடுகளை உதாரணம் சொல்வேன். எண்ணெய்ப் பணம் வந்ததும் விதைப்பதை விட்டார்கள். எண்ணெய் விலை விழுந்தபோது சாப்பாட்டுக்கே தவித்தார்கள். அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம். இங்கே உரக்கடை டயர் கடையாகிவிட்டது. மழையில் குவாரி நின்றால் டீக்கடையும் நிற்கிறது. ஆனாலும் மூடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் மாடி அறைக்குப் போட்ட ஜல்லியும் ஏதோ ஒரு மலைதான்.

ஜூன் 12, வியாழன்

விடிந்து பார்த்தால் தாள் இரண்டாக இருந்தது. இரவில் வெடி கிடையாது. கிட்டே போய்ப் பார்த்தேன். கிழிந்த தாளில் நார் தெரியும். இதில் ஓரம் நேர்க்கோடு. அரிவாள்மனை வழக்கமான இடத்தில் இல்லை. செல்லம் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

முருகேசன் வந்தான். ஓரத்தை விரலால் தடவினான். வெகு நேரம்.

"கிழிஞ்சுதான் போச்சு பெரியம்மா. கெளம்புங்க."

மண்டபத்தில் அவ்வளவு கூட்டம். முன்வரிசையில் மேனேஜர். முருகேசன் கை தூக்கியதும் அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார், நம்ம ஆள் என்று.

தாளைப் பற்றி அவன் பேசவே இல்லை.

"நான் குவாரி டிப்பர் டிரைவர் சார். ஒரு மணி ஆனா எங்க ஆத்தா வீட்டுக்குள்ள இருக்காது. தட்டத் தூக்கிக்கிட்டு மரத்தடிக்குப் போயிரும். ரெண்டு வருசமா மதியச் சோறு அங்கனதான்."

மரத்தடிச் சோற்றைப் பற்றி நான் அவனிடம் சொல்லவில்லை. செல்லமும் சொல்லியிருக்க மாட்டாள்.