குறைத்த இரண்டு மார்க்

வியாழன் இரவு.

தலைவலி. இன்று பதினொன்றாம் வகுப்புக்கு வரலாற்று விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன். போர்த்துக்கீசியரையும் ஆங்கிலேயரையும் ஒப்பிடச் சொன்ன கேள்விக்கு, இருவருமே பீரங்கியோடும் வேதப்புத்தகத்தோடும் வந்து மண்ணைப் பிடித்தார்கள் என்று செலின் எழுதியிருந்தாள். ஆங்கிலேயர் கட்டிய பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரியைச் சொல்லவில்லை என்று இரண்டு மார்க் குறைத்திருந்தேன்.

அவள் தாளோடு வந்தாள். "சாறே, போர்த்துக்கீசுக்காரன் கட்டினதையும் நான் எழுதல்ல. அதுக்கு மார்க் குறைக்கல்லியே."

"நாளைக்குப் பாக்கலாம், போய் இரி மக்கா" என்றேன். அவள் தாளை மடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

அவள் பொழியூர்க்காரி, போர்த்துக்கீசியர் காலத்திலேயே வேதத்தில் சேர்ந்து கத்தோலிக்கரான குடும்பம். நாங்கள் இங்கிலீஷ் மிஷன் சபை. அதை அவள் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் கோபப்பட்டிருப்பேன், இந்நேரம் தூங்கியும் இருப்பேன்.

சாப்பிட்டபின் விடைக்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். நானே தயாரித்தது. சபை நாளில் வெள்ளைக்கார மிஷனரிமாருக்கு நன்றி சொல்லி வருஷந்தோறும் நான் வாசிக்கும் கட்டுரையின் வரிகள் அதில் அப்படியே இருந்தன.

காலையில் மார்க்கைப் போட்டுவிடலாம். ஞாயிற்றுக்கிழமை சபை நாள். அதே கட்டுரையை வாசிக்க வேண்டியது நான்தான்.