தாழ இறக்கும் காரும் உன் உம்மாவின் வியாழக்கிழமையும்

இறைவனின் திருப்பெயர் கொண்டு தொடங்குகிறேன். பனி நாட்டில் பிழைக்கச் சென்ற என் மகன் கௌத்திக்குத் திலிம்ஸான் நகரிலிருந்து உன் தந்தை ஹாஜி தய்யிப் ஸலாம் கூறி எழுதுவது. இறைவன் அருளால் இங்கே நானும் உன் உம்மாவும் சுகம். எனக்குக் கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது. உன் உம்மாவின் நாவில் எந்த ஆட்டமும் இல்லை, முன்னைவிட உறுதியாகவே இருக்கிறது. மொந்ரியாலில் நீ உடல் நலமும் ஈமானும் குன்றாமல், தொழுகை தவறாமல், தலையில் கம்பளித் தொப்பியோடு இருக்கிறாய் என்ற செய்தி ஒன்றே எங்களுக்குப் போதும். தொலைபேசியில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். தொலைபேசி உன் உம்மாவின் ஆட்சிக்கு உட்பட்ட நாடு, அங்கே எனக்குப் பேச்சுரிமை கிடையாது. ஆகவே பேனாவை எடுத்தேன். பதூல் சித்தியின் மருமகன் அடுத்த வாரம் உங்கள் ஊருக்கு விமானம் ஏறுகிறான், இதையும் உன் உம்மா சுட்ட கஅக் வளையங்களையும் கொண்டுவருவான். வளையங்களை அவன் வழியிலேயே தின்றுவிட்டால் கடிதமாவது மிஞ்சும்.

நீ அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. இரண்டு பேர் தூக்கி வந்து நடைக்கூடத்தில் வைத்தார்கள். மகன் வெளிநாட்டிலிருந்து இத்தனை கனமான பொருள் அனுப்பியிருக்கிறானே என்று உன் உம்மா தொழுகைக்கு உளூச் செய்தவள்போல் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து அமர்ந்தாள். மாவு பிசையும் இயந்திரம் என்று அவளுடைய எதிர்பார்ப்பு. உள்ளே எண்ணெய் பூசிய சிவப்பு ஸ்பிரிங்குகள் நான்கு. ஒன்றை உருட்டிப் பார்த்து, "இத எந்தக் கையில போட்டுக்கணும்னு எழுதியிருக்கானா, இல்ல கால்ல கொலுசா?" என்று கேட்டாள். நான் உன் குறிப்பைப் படித்துக் காட்டினேன். 'வாப்பா, சக்கரத்துக்கு மேலே நாலு விரல் இடைவெளி தெரியுது, பார்க்கச் சகிக்கல, வண்டி கால் தூக்கி நிக்கிற கோழி மாதிரி இருக்கு, இந்த ஸ்பிரிங்கைப் பட்டறை ஷுக்ரிகிட்ட கொடுத்து மாட்டி, வண்டியைத் தாழ இறக்கச் சொல்லுங்க, ஷாக் அப்சார்பர் பழசே போதும், எண்ணெய் கசியல' என்று எழுதியிருந்தாய். மகனே, ஆண்டில் மூன்று வாரம் நீ ஓட்டும் வண்டி அது. எஞ்சிய நாளெல்லாம் பள்ளிவாசலுக்கும் காய்கறிச் சந்தைக்கும் ஊற்றுக்கும் ஓட்டுகிறவன் நான். கோழி என்று நீ வைததை வண்டி அறிந்தால் மறுநாள் காலையில் உறுமவே மறுத்திருக்கும். நம் பழங்கவிகள் குதிரையின் பிடரியைப் பாடினார்கள், ஒட்டகத்தின் உயரத்தைப் பாடினார்கள்; வயிறு தரையில் தேயும் வாகனத்தை எவரும் புகழ்ந்து பாடியதாக நான் படித்ததில்லை. வாழ்நாள் முழுதும் மொழியும் யாப்பும் கற்பித்தவன் சொல்கிறேன், நம்பு.

விளையாட்டு ஒருபுறம் இருக்கட்டும். இதில் எனக்கொரு கவலை இருந்தது, அதை மறைக்காமல் எழுதுகிறேன். சென்ற குளிர்காலத்திலிருந்து உன் உம்மாவின் முழங்கால் மடங்குவதில்லை. நம் நாட்டுச் சாலைகளுக்கென்றே சற்று உயர்த்தி விற்ற வண்டி அது என்பது உனக்குத் தெரியும். அவளோ, இறைவன் அழகாகவும் சுருக்கமாகவும் படைத்தவள். இருக்கையில் அமர்ந்தால் கால் தரைக்கு எட்டாது. ஏற என் தோள் வேண்டும், இறங்க என் இரண்டு கையும் வேண்டும். வியாழக்கிழமை தோறும் பதூல் வீட்டில் பெண்கள் கூடி ஓதுகிறார்களே, அங்கே தங்கையின் அண்டை வீட்டார் பார்க்க என்மேல் சாய்ந்து இறங்குவது அவளுக்குப் பெரும் வெட்கம். போகாமலிருக்க ஒரு வாரம் மாவு புளிக்கவில்லை என்றாள், அடுத்த வாரம் தலைவலி என்றாள், அதற்கடுத்த வாரம் காரணமே சொல்லவில்லை. அதோடு பதூலின் தெருவை நீ அறிவாய். வீட்டுக்கு வீடு அவரவர் வாசலில் அவரவர் விருப்பத்துக்குச் சிமெண்டைக் கொட்டி வேகத்தடை கட்டியிருக்கிறார்கள், அடுத்தவன் கட்டியதைவிட உயரமாகக் கட்டுவதே அங்கே குடிப்பெருமை. அந்தத் தெருவில் தாழ்ந்த, விறைத்த வண்டியில் அவளை ஏற்றினால் அவளுடைய வியாழக்கிழமை அடியோடு நின்றுவிடும் என்று அஞ்சினேன். உன் ஆசையைத் தட்டவும் மனமில்லை. நல்வழி வேண்டி இரண்டு ரக்அத் தொழுதேன். அதற்கும் உன் உம்மா, "ஸ்பிரிங்குக்கெல்லாமா தொழுவாங்க? படைச்சவன் ஷுக்ரியைப் பட்டறையில எதுக்கு உட்கார வச்சிருக்கான், போய்க் கேளுங்க" என்றாள். கேட்கப் போனேன், அவளும் கூடவே வந்தாள். தான் உட்கார்ந்து பார்க்காமல் தன் வண்டியில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது அவள் கட்டளை. தன் வண்டி என்றாள், கவனி. உன் வண்டி என்று சொல்லவில்லை.

ஷுக்ரி பெட்டியைத் திறந்து ஸ்பிரிங்கில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான். முன்பக்கம் நான்கு விரலும் இறங்கும், பின்பக்கம் ஒரு விரல்கூட இறங்காது, இதென்ன கணக்கு என்று அவனுக்குப் புரியவில்லை. "ஹாஜியாரே, இவன் எப்ப அளந்தான்?" என்று கேட்டான். சென்ற கோடையில், புறப்படுவதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வந்து அளந்தான் என்றேன். ஷுக்ரி திரும்பிப் போய் நம் வண்டியின் டிக்கியைத் திறந்தான். அதற்குள் என்ன இருக்கும் என்று இந்த ஊரில் பிறந்தவனுக்குச் சொல்ல வேண்டுமா? அன்று காலை மலை ஊற்றில் பிடித்த தண்ணீர்க் கேன்கள், வாய்வரை நிறைந்து. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்தால் பாதி ஊர் ஊற்றடியில்தானே நிற்கிறது. நீ அளந்தது வண்டியை அல்ல மகனே, உன் உம்மா தேநீர் போடும் தண்ணீரை! அந்தச் சுமையில் பின்பக்கம் அமுங்கியிருக்க, பின்னால் ஏற்கெனவே தாழ்ந்துதான் இருக்கிறது என்று முடிவு கட்டி, முன்பக்கத்தை மட்டும் அமிழ்த்தும் ஸ்பிரிங்கைப் பொறுக்கியிருக்கிறாய். குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டும் ஊரில் சில ஆண்டு இருந்ததும் டிக்கியில் தண்ணீர் இருக்கும் என்பது மறந்துவிட்டதே. ஷுக்ரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இத மாட்டிட்டுக் கேனை இறக்கினா, ஹாஜியாரே, வண்டி முன்னால நெத்தி தரையில பட ஸஜ்தாவுல இருக்கும், பின்னால இன்னும் நின்னு தக்பீரே கட்டியிருக்காது" என்றான். வணக்கத்தை வண்டிக்கு உவமை சொல்லாதே என்று கண்டித்தேன். கண்டித்துவிட்டுச் சட்டைக் கையால் வாயை மூடிக்கொண்டு நானும் சிரித்தேன், இறைவன் மன்னிப்பானாக.

பழைய ஷாக் அப்சார்பர் போதும் என்றாயே, அதற்கும் விடை வைத்திருந்தான். வண்டியின் ஒரு மூலையை இரண்டு கையாலும் அழுத்தி விட்டான்; அது ஒரு தரம் எழும்பி நிற்க வேண்டியது, ஊஞ்சல்போல ஆடிக்கொண்டே இருந்தது. "கசியலைன்னா உயிரோட இருக்குன்னு அர்த்தமா? ஸ்பிரிங் குட்டை, ஷாக் நெட்டை. தண்டு பாதி தூரம் முன்னாடியே உள்ள போய் உட்கார்ந்துக்கும், தடை வந்தா போறதுக்கு இடமே இருக்காது, அடியில போய் முட்டும், இடி நேரா முதுகுல விழும்" என்றான். எனக்கு உடனே விளங்கிவிட்டது. செய்யுளில் ஓர் அடியைக் குறுக்கினால் அதற்கு இணையான அடியையும் குறுக்கியாக வேண்டும். ஒன்றைக் குறுக்கி ஒன்றை நீளவிட்டால் ஓதுகிறவன் நாக்கு இடறும். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே பாட்டின் இரண்டு அடிகள் என்றேன். ஷுக்ரி தலையைச் சொறிந்து, "அதேதான், ஆனா என் பாஷையில கொஞ்சம் கிரீஸ் இருக்கும்" என்றான்.

உன் உம்மாவோ சொல்லை நம்புகிறவள் அல்லள். உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று நின்றாள். உன்னைப் போலவே ஆசைப்பட்டுத் தாழ இறக்கி, பழைய ஷாக்கையே விட்டுவைத்த ஓர் இளைஞனின் கார் பட்டறையில் பழுதுக்கு நின்றது. அவன் அனுமதியோடு அதில் அவளை அமர்த்தி ரொட்டிக்கடைவரை போய்த் திரும்பினோம். வழியில் இருந்தவை சில தடைகள்தாம். முதல் தடையில், "யா லத்தீஃப்!" என்றாள். இரண்டாவதில் தலைத்துணி கண்ணுக்கு வந்துவிட்டது. மூன்றாவதில் என் தொடையைக் கிள்ளினாள். ஓட்டியது ஷுக்ரி, கிள்ளு வாங்கியது நான். திரும்பி வந்ததும், "இது காரா, கூஸ்கூஸ் சலிக்கிற சல்லடையா? நான் என்ன ரவையா? என் மகன் என்னைச் சலிச்சு எடுக்கவா பெட்டி அனுப்பினான்?" என்றாள். அந்த இருக்கை கிணறு. இறங்க ஷுக்ரி ஒரு கையும் நான் ஒரு கையும் பிடித்து இழுத்தோம். மகனே, அப்போது அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கத்தான் சிரித்தாள். ஆனால் 'எனக்கு இனிமேல் வண்டியே வேண்டாம், வீடு போதும்' என்று சொல்லப் போகிறாள் என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

ஷுக்ரிதான் விடவில்லை. "உம்மா, அது கலியாணமாகாதவன் வண்டி. என் வண்டியில நாலு பிள்ளை, மாமியார், மாவு மூட்டை எல்லாம் தினமும் போகுது, அதையும் பார்த்துட்டுப் பேசுங்க" என்று தன் சாவியை நீட்டினான். பார்த்தால் இறக்கிய வண்டி என்றே தோன்றாது. இரண்டு விரல் அளவே இறக்கம், முன்னும் பின்னும் பார்த்துப் பொருத்திய ஸ்பிரிங், அதற்கென்றே அளவெடுத்த குட்டையான புது ஷாக். பின்பக்க ஸ்பிரிங் சுமை ஏற ஏற விறைக்கும் வகை, ஆகவே தண்ணீர் ஏற்றினாலும் தொய்யாது என்றான். நம் கேன்களை எல்லாம் எடுத்து அவனுடைய டிக்கியில் அடுக்கி நிரூபித்தும் காட்டினான். அன்று வியாழக்கிழமை. அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, வண்டியைப் பதூலின் தெருவுக்கே விட்டேன். முதல் வீட்டுத் தடையில் அவள் கைப்பிடியை இறுகப் பற்றினாள். வண்டி ஏறியது, இறங்கியது, அமைதியாக நின்றது. இரண்டாம் வீட்டைத் தாண்டியதும் பிடியை விட்டாள். அதற்கப்பால் அந்தத் தெருவில் யார் யார் வீட்டுக்கு என்ன சாயம் அடித்திருக்கிறார்கள் என்று விமரிசிக்கத் தொடங்கிவிட்டாள், அப்போதே என் நெஞ்சு குளிர்ந்தது.

பதூலின் வாசலில் நிறுத்திவிட்டு வழக்கம்போல் சுற்றி ஓடிவந்து கதவைத் திறந்து இரண்டு கையையும் நீட்டினேன். உன் உம்மா கீழே பார்த்தாள். கால் தரையில் இருந்தது. முழுப் பாதமும், செருப்போடு. மெல்ல மறு காலையும் வைத்தாள், கதவின் விளிம்பை ஊன்றி எழுந்தாள், நீட்டிய என் கைகளைப் பார்த்து, "யாருக்குப் பிச்சை கேட்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு நடந்தே போய்விட்டாள். மாடியிலிருந்து பதூல், "அக்கா, உன் ஹாஜியாரை எங்க விட்டுட்டு வந்தே?" என்று கத்த, இவள், "தெருவுல நிக்கிறாரு, வேணும்னா எடுத்துக்கோ" என்றாள். நான் அங்கேயே நின்று இறைவனைப் புகழ்ந்தேன். தெருவில் போனவர்கள் கிழவனுக்குக் கண்ணில் தூசி என்று நினைத்திருப்பார்கள், நினைக்கட்டும்.

ஆகவே வண்டியை இறக்க வேண்டும் என்று நீ சொன்னது சரி. எவ்வளவு என்பதும் எதனோடு என்பதும்தான் பிழை. செருக்கோடு நடக்காதே, நடையில் நடுநிலை கொள் என்று நமக்கு விதிக்கப்பட்டிருப்பது காலின் நடைக்கு மட்டுமன்று, சக்கரத்துக்கும் என்று இப்போது அறிந்தேன். அந்தச் சிவப்பு ஸ்பிரிங்குகளைக் கலியாணமாகாத எவனுக்காவது கொடுத்துவிடுவதாக ஷுக்ரி சொல்கிறான். நீ கோடையில் வரும்போது அவன் எழுதித் தந்த அளவில் ஸ்பிரிங்கும் அவற்றுக்கு இணையான ஷாக்கும் ஒன்றாகவே வாங்கி வா; ஒன்றை வாங்கி ஒன்றை விட்டு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புவாள். அளவுச் சீட்டைக் கஅக் பையின் அடியில் வைத்திருக்கிறேன். அதுவரை ஷுக்ரி தன் வண்டியை வாரத்தில் ஒருநாள் இரவல் தருகிறான். ஒருநாள் என்பது அவன் சொன்னது; உன் உம்மா அதைத் திருத்திக்கொண்டாள். நேற்றுப் பதூல் வீட்டுக்கு, முந்தாநாள் கம்பளிச் சந்தைக்குப் போனோம்; ஞாயிற்றுக்கிழமை ஹுனைனுக்குப் போய்க் கடல் பார்க்க வேண்டுமாம். மணமான நாளிலிருந்து அவள் கடல் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

உன் வாழ்வில் இறைவன் வளம் பொழிவானாக, உன் பாதையை நேராக்குவானாக, அந்நிய மண்ணில் உன் இதயத்தை அவன் கையில் வைத்துக் காப்பானாக. பனியில் ஈரச் சாக்ஸோடு உறங்காதே. இன்னும் எழுத நிறைய இருக்கிறது, ஆனால் வாசலில் ஹாரன் அலறுகிறது. எட்டிப் பார்த்தேன். உன் உம்மா யார் துணையும் இல்லாமல் ஷுக்ரியின் வண்டியில் ஏறி அமர்ந்து, ஓட்டுநர் இருக்கைப் பக்கம் கையை நீட்டி ஹாரனை அழுத்திக்கொண்டிருக்கிறாள். தெரு முழுக்கத் தலை நீட்டிப் பார்க்கிறது. நான் இன்னும் செருப்பே போடவில்லை.

இப்படிக்கு,
உன் தாயாருக்கு இப்போது ஓட்டுநராகவும் இருக்கும் உன் தந்தை,
ஹாஜி தய்யிப்