ரகுவிடம் இருக்கும் துண்டு

ஆவணி அவிட்டம், சனிக்கிழமை இரவு

என் நெஞ்சின் நடுவே பிறவியிலிருந்தே ஒரு சிறு குழி. நேற்று டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, இதயமும் நுரையீரலும் நன்றாக இருக்கின்றன, ஆபரேஷன் வெறும் தோற்றத்துக்குத்தான், வேண்டுமா என்று திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள் என்றார். உள்ளே கம்பி வைத்து இரண்டு மூன்று வருஷம் விட்டுவைப்பார்களாம். வேண்டும் என்று சொல்லத்தான் இருந்தேன்.

இன்று காலை எங்கள் டாக்குரியா பேட்டையில் எல்லாரும் கூடும் இடத்துக்குப் பூணூல் மாற்றப் போனேன். நான் ஊர் முன்னால் சட்டையைக் கழற்றும் ஒரே நாள். வழக்கம்போல் துண்டைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டேன். "இந்தக் காலத்துல இப்படி ஒரு ஆசாரமான பிள்ளை!" என்று வருஷா வருஷம் மெச்சும் மாமா இன்றும் மெச்சினார்.

வாத்தியார் எழுந்திருக்கச் சொன்னதும் பக்கத்திலிருந்த சிநேகிதன் ரகுவின் வேட்டி நழுவியது. வெல்க்ரோ வேட்டியிலேயே காலம் தள்ளியவன், இன்றுதான் சாதா வேட்டி கட்டியிருந்தான். "டேய், போச்சுடா, பிடி!" என்று பதறினான். துண்டை உருவி அவன் இடுப்பில் இறுக்கிக் கட்டினேன்.

பிறகு ஒரு மணி நேரம் வெறும் மேலோடு உட்கார்ந்திருந்திருக்கிறேன். சந்தனம் இட்டுக்கொள்கையில் விரல் குழியில் இறங்கியபோதுதான் நினைவு வந்தது. சுற்றிப் பார்த்தேன். மாமா அப்பம் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பகவானே, நன்றி. ரகுவுக்கும். டாக்டரிடம் வேண்டாம் என்று சொல்லப்போகிறேன்.

சற்று முன் ரகு போன் செய்தான். "துண்டைத் தோச்சு நாளைக்குக் கொண்டுவரேண்டா."

"நீயே வெச்சுக்கோடா," என்றேன். "அடுத்த வருஷமும் உனக்குத்தான் வேணும்."