பழங்களுக்குப் பெரட்டு எடுத்தேன்

மேல் டிவிஷன்,
பதுளை.
ஞாயிற்றுக்கிழமை, பகல்.

அன்பு மகன் நிஷாந்துக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், அதற்கு முருகனுக்கு ஒரு கும்பிடு, நீயும் அந்த டோகா வெயிலில் காய்ச்சல் தலையிடி என்று படுக்காமல் இருக்க அவனே துணை. தினமும் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். மூன்று தடவை போனில் சொல்லத்தான் பார்த்தேன், உன் குரலைக் கேட்டதும் வாய் வேறு கதைக்குத் தாவிவிடுகிறது, நானும் மழை பெய்தது, கோழி முட்டை வைத்தது என்று பேசிவிட்டு வைத்துவிடுகிறேன். நம் கடை ஸமீம் நானாவின் மகன் ஷப்ராஸ் லீவு முடிந்து வியாழக்கிழமை டோகாவுக்குத் திரும்புகிறானாம். அவனிடம் மிளகாய்த்தூளும் கருவாடும் கொடுத்தனுப்புகிறேன், அந்தப் பையின் அடியில் இந்தக் கடிதம் இருக்கும். தனியாக இருக்கும்போது வாசி.

இங்கே இரண்டு வாரமாக மழை விடவில்லை, நம் லயத்து வீட்டுக் கூரையில் புதுத்தகரம் போட்ட இடம் மட்டும்தான் ஒழுகவில்லை, அப்பாவின் முழங்கால் மழைக்கு மக்கர் பண்ணுகிறது, எண்ணெய் தேய்த்துவிட்டால் இரண்டு நாளைக்குத் தாங்கும். நீ அனுப்பிய சட்டையை அவர் இன்னும் பெட்டிக்குள்தான் வைத்திருக்கிறார், தீபாவளிக்காம். இதெல்லாம் உனக்குத் தெரிந்த கதைதான், நான் சொல்ல வந்ததைத் தள்ளிப்போட்டுக்கொண்டே எழுதுகிறேன், அதுவும் எனக்குத் தெரிகிறது.

வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிற பிள்ளைமடுவத்துக்கு என்று நீ அனுப்பினாயே ஒரு பழப் படம், உங்கள் சூப்பர் மார்க்கெட்டில் பழப் பகுதியில் ஒட்டுவது போல பளபளவென்று பன்னிரண்டு பழம், கீழே இங்கிலிஷில் பேர், அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. பேரையெல்லாம் வாய்ஸில் சொல்லி அனுப்பவா அம்மா என்று நீ கேட்டாய். வேணாம்டா, எனக்குத் தெரியாதா என்று சொன்னேன். எனக்குத் தெரிந்தது அப்பிள், ஒரேஞ்ச், மாம்பழம், வாழைப்பழம், இந்த நாலுதான் மகனே. பச்சையாய் நடுவில் கறுப்பு விதையோடு ஒன்று இருந்ததே, அதை நான் ஏதோ வெள்ளரிக்காய் ஜாதி என்றுதான் நினைத்திருந்தேன். பெற்ற பிள்ளையிடம் தெரியாது என்று சொல்ல எனக்கு அவ்வளவு ரோஷம். நம் நிரஞ்சலா டீச்சர் பிரசவ லீவில் போகும் முன்பு எல்லாப் பேரையும் தமிழ் எழுத்தில் ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தாள். எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்றும் சொல்லித்தான் போனாள். ஒரு நாளைக்கு ஒரு பழம் போதும் மாமி, நம்ம ஊர்ல கெடைக்கிற பழமா இருந்தா கையில குடுங்க, மோந்து பாக்கட்டும், தின்னட்டும், அப்புறமாப் பேரைச் சொல்லுங்க என்றாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று அவ்வளவு பொறுமையாய்ச் சொன்னாள்.

நான் கேட்டேனா? ஒரு நாளைக்கு ஒரு பழம் என்றால் எப்போது முடிப்பது என்று நினைத்தேன். அதற்குள் கொழும்பிலிருந்து பிள்ளைமடுவங்களுக்கு உதவி செய்கிற நோனா பார்வையிட வரப்போகிறார் என்று தோட்டத்து நலன் பார்க்கிற வெல்பெயார் ஐயா சொல்லியனுப்பினார். மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரை சரியாகப் பன்னிரண்டு பிள்ளைகள், படத்திலும் பன்னிரண்டு பழம். ஆளுக்கொரு பழத்தைக் கொடுத்துவிட்டேன். நீ அப்பிள், நீ ஒரேஞ்ச், நீ கிவி என்று வரிசையில் நிறுத்தி, கம்பால் படத்தைத் தொட்டதும் அந்தந்தப் பிள்ளை தன் பழத்தின் பேரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பெரட்டுக் களத்தில் காலையில் பேர் கூப்பிடும்போது நாம் நம் பேருக்கு மட்டும் குரல் கொடுத்துவிட்டு நிற்போமே, அதே மாதிரி. இருபத்திரண்டு வருடம் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு பெரட்டில் நின்றவளுக்கு வேறு எப்படிப் புத்தி போகும்? இரண்டே நாளில் பிள்ளைகள் வெளுத்து வாங்கினார்கள். கொழுந்து நிறுக்கப் போகிற பெண்களெல்லாம் வாசலில் நின்று பார்த்தார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை.

நோனா வந்த அன்றைக்கும் வரிசை தப்பவில்லை. கம்பு தொடத் தொட பன்னிரண்டு பேரும் டாண் டாண் என்று சொல்லிவிட்டார்கள், நோனா கை தட்டினார். அத்தோடு போயிருக்கக் கூடாதா? அவர் நல்ல மனுஷி, பிள்ளைகளுக்கென்று ஒரு பை நிறையப் பழம் வாங்கி வந்திருந்தார். தரையில் உட்கார்ந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து, முன்னால் இருந்த யதுஷாவிடம் காட்டி இது என்ன என்று இங்கிலிஷில் கேட்டார். செர்ரி என்றது பிள்ளை. ஒரேஞ்சை எடுத்தார், அதுக்கும் செர்ரி. பக்கத்துப் பையனிடம் மாம்பழத்தைக் காட்டினார், அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிவி என்றான். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். யதுஷாவுக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே புரியவில்லை, நான் செர்ரி, நான்தான் செர்ரி என்று சொல்லிச் சொல்லி அழுதது. அது வீட்டில் தினமும் வாழைப்பழம் தின்கிற பிள்ளை, நிஷாந்த். வாழைப்பழம் என்று தமிழில் கேட்டிருந்தால் தூக்கத்திலும் சொல்லும். நான்தான் அதன் வாயை ஒரே சொல்லில் அடைத்து வைத்திருந்தேன்.

வெல்பெயார் ஐயாவுக்கு முகம் கறுத்துவிட்டது. யாரு இப்பிடிச் சொல்லிக் குடுத்தது என்று கேட்டார். நான் ஒரு மூச்சுக்கூட யோசிக்கவில்லை. நிரஞ்சலா டீச்சர்தாங்க ஐயா, நான் வெறும் ஆயாங்க, புள்ளைங்களைக் கழுவி விடுறது, பால் குடுக்கிறது, அதுதாங்க என் வேலை என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு மாலை நீ போன் எடுத்தாய், நோனா கை தட்டினார் என்று உன்னிடம் சொன்னேன். அது பொய்யில்லை, ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை விழுங்கிவிட்டேன். எங்கம்மா இங்கிலிஷ் டீச்சர் என்று நீ ரூமில் இருக்கிறவர்களிடம் சத்தம் போட்டுச் சொன்னது எனக்கும் கேட்டது, கேட்டுச் சிரித்துக்கொண்டேன். உனக்கு டீச்சர், ஐயாவுக்கு ஆயா. ஒரே நாளில் இரண்டு வேஷம், எனக்கு வெட்கம் வராமல் இருந்ததை நினைத்தால்தான் இப்போது அதிகம் வெட்கமாக இருக்கிறது.

அதற்கு அடுத்த மாதம் நிரஞ்சலாவுக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது, லீவு முடிந்து வர வேண்டாம், வேறு ஆள் பார்க்கிறோம் என்று. அவள் வேலை இன்னும் நிரந்தரமாக்கப்படவில்லை, அதனால் அவர்களுக்குச் சுலபம். மீரியபெத்தையில் மண் சரிந்தபோது வீடு வாசல் இல்லாமல் வந்த குடும்பம், அவள் சம்பளத்தில்தான் அவளுடைய அம்மாவுக்கு மருந்து. பச்சை உடம்போடு என்னைத் தேடி வந்தாள். நான் என்ன மாமி தப்புப் பண்ணேன், யாரு என்ன சொன்னாங்கன்னு ஒங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியலையேம்மா என்றேன். நீ படித்த பிள்ளை, உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை, முதலில் சொன்னது பயத்தில் வந்தது, இது அப்படியில்லை, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவள் வந்துபோய் மூன்றாம் நாள் அப்பாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. தனியாப் போவியா, நானும் வரவா என்று மட்டும் கேட்டார். நீங்க முழங்காலை வைச்சுக்கிட்டு எங்க வர்றது என்று சொல்லிவிட்டு நானே கீழ் டிவிஷனுக்கு இறங்கிப் போனேன். நிரஞ்சலா என்னைக் கண்டதும் சந்தோஷப்பட்டு, பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனாள். அவள் திரும்பி வந்ததும், பிள்ளை மடியில் இருக்கும்போதே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோப்பையை வைத்துவிட்டு, குனிந்து, என் மடியிலிருந்த பிள்ளையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் எழுந்து நேராக ஆபீசுக்குப் போனேன். வெல்பெயார் ஐயாவிடம் நடந்ததைச் சொன்னேன், எழுதித் தரச் சொன்னார், எழுதிக் கையெழுத்தும் போட்டேன். கிளார்க் பையன்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், கேட்கட்டும்.

ஒன்றாம் தேதியிலிருந்து நிரஞ்சலா திரும்ப வந்துவிட்டாள். என்னை வேலையை விட்டுத் தூக்கவில்லை, இனிமேல் இப்படி நடந்தால் திரும்ப மலைக்குக் கொழுந்து பறிக்கத்தான் என்று சொல்லி விட்டுவிட்டார்கள். அவள் பேரிக்காயையும் கொய்யாவையும் கையில் கொடுத்து, பிள்ளைகளை இடம் மாற்றி மாற்றி உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கிறாள், யதுஷா செர்ரியை விட்டு வெளியே வர இரண்டு வாரம் ஆனது. என்னோடு முகம் கொடுத்துப் பேசுகிறாள், மாமி என்றுதான் கூப்பிடுகிறாள், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் மகனே, இந்த டிவிஷனில் வேலைக்குப் போகிற எல்லாரும் கைக்குழந்தையை மடுவத்துத் தொட்டிலில் என்னிடம்தான் விட்டுவிட்டுப் போகிறார்கள். அவள் மட்டும் தன் பிள்ளையைச் சுகமில்லாத அம்மாவிடம் விட்டுவிட்டு வருகிறாள். பகலில் பால் கொடுக்க மழையில் கீழ் டிவிஷன் வரை ஓடி இறங்கி, மூச்சு வாங்க ஏறி வருகிறாள். இங்கயே தூக்கிட்டு வாயேம்மா, நான் பாத்துக்கிறேன் என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். இருக்கட்டும் மாமி என்றாள்.

அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நானாக இருந்தாலும் விடமாட்டேன்.

ரூமில் இருக்கிறவர்களிடம் அம்மா டீச்சர் இல்லை, பிள்ளைமடுவத்து ஆயா என்று சொல்லிவிடு, மறக்காதே. வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் நின்றால் தண்ணீர் குடி. முருகன் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், நினைத்த காரியம் கைகூடட்டும். இதை வாசித்துவிட்டு என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் அப்பாவோடு பேசு, ஆனால் போன் எடுக்காமல் மட்டும் இருந்துவிடாதே.

என்றும் உன் நலம் வேண்டும்,
அம்மா,
சி. மாரியாயி