ஐந்து பக்க ஹெல்கா

செப்டம்பர் 9, வின்னிபெக்

நிதி தரும் கவுன்சில் பழைய சுயவிவரப் படிவத்தைத் தூக்கிப் போட்டுவிட்டது. கட்டுரைப் பட்டியல் வேண்டாமாம், எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்ற கணக்கும் வேண்டாமாம். நீ என்ன செய்தாய், அதனால் யாருக்கு என்ன ஆனது என்று ஐந்து பக்கத்தில் கதையாகச் சொல் என்கிறார்கள். இத்தனை வருடம் எண்களுக்குப் பின்னால் சௌகரியமாக ஒளிந்துகொண்டிருந்தேன்.

செப்டம்பர் 12

மரிவிக்குடன் சதுப்பு நிலத்தில். ஒன்பது வருடமாக என் ஆய்வகத்தை நடத்துவது அவள்தான். அவளுடைய ரப்பர் பூட்ஸ் ஒழுகுகிறது. புதுசு வாங்கித் தொலையேன் என்றேன்.

"நிதி வரட்டும் டாக்டர். வசந்தத்துக்கு அப்புறம் எனக்கு வேலை இருக்குமான்னே தெரியல. பூட்ஸை வாங்கி, போட்டுக்கிட்டு பஸ்லயா போறது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் சம்பளம் முழுக்க இந்த நிதியிலிருந்துதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செப்டம்பர் 19

"நான்" என்று ஆரம்பித்தேன். அழித்தேன். சாப்பிடப் போனேன்.

செப்டம்பர் 26

முதல் வரைவை மரிவிக் படித்தாள். "நல்லா இருக்கு டாக்டர். நான் இருக்கேன், பசங்க இருக்காங்க, அந்த ஓட்டைப் படகுகூட இருக்கு. நீங்க அந்தப் பக்கம் எப்பவாச்சும் வந்தீங்களா?"

என்ன செய்ய? எங்கள் மென்னோனைட் கிறிஸ்தவ வீடுகளில் தற்பெருமை என்பது திருட்டுக்கு அடுத்த குற்றம். பள்ளியில் முதல் பரிசு வாங்கிவந்த அன்று அம்மா அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போய் உருளைக்கிழங்கு உரி என்றாள்.

அக்டோபர் 3

பல்கலைக்கழகத்தில் இந்தப் படிவத்துக்கென்று ஒரு பயிலரங்கு. கூச்சப்படாதீர்கள் என்றார் நடத்திய அம்மாள். கூச்சத்தை விட்டு எழுதினேன். "முன்னோடி", "தொலைநோக்குள்ள தலைவர்". எழுதி முடித்ததும் கை கழுவினேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

தேவாலயம் முடிந்து அக்கா ட்ரூடி வீட்டில் பன், சீஸ், பிளம் ஜாம், காபி. பையிலிருந்த வரைவை அக்கா பிடுங்கி, நாற்காலி மேல் ஏறி நின்று, போதகர் குரலில் வாசித்தாள். கொர்னி அத்தான் கேட்டார்: "எந்தத் தொகுதி? என் ஓட்டு உனக்குத்தான்."

முகம் தொங்கிப் போயிருக்கும்போல. அக்கா இறங்கிவந்தாள்.

"அடியே, நம்ம ஜனத்துக்கு ஒருத்தரைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை வரணும்னா அவங்க செத்தாகணும். நீ செத்துட்டதா நினைச்சு எழுது. வேணும்னா நான் பக்கத்துல உக்காந்து அழறேன்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் எங்கள் அடக்க ஆராதனையில் இறந்தவரின் வாழ்க்கைக் கதையை வாசிக்கிற வழக்கம் உண்டே! அதில் மிகைப்படுத்தவும் முடியாது. பெஞ்சில் இருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும். பொய் சொன்னால் இருமல் கிளம்பும்.

அக்டோபர் 7

இன்று செத்துப்போனேன். ஒரே மூச்சில் ஐந்து பக்கம்.

"சம்புப் புல் சதுப்பை அடைத்துக்கொண்டபோது அதை எப்படி வெட்டுவது என்று ஹெல்கா தேடினாள். ஒரு கோடை முழுக்கத் தவறாக வெட்டினாள். அந்தத் தவற்றையும் அச்சில் போட்டாள். அதனால் மற்றவர்களின் கோடைகள் பிழைத்தன. பிறகு தண்ணீருக்கு அடியில் வெட்டினாள். வாத்துகள் திரும்பி வந்தன."

கொஞ்சம் அழுதேன். எவ்வளவு நல்லவளாக இருந்திருக்கிறேன்!

நவம்பர் 3

கடைசி நாள். "அவள்" எல்லாவற்றையும் "நான்" ஆக்கி அனுப்பிவிட்டேன். மரிவிக் பன்சித் நூடுல்ஸ் சமைத்துக் கொண்டுவந்தாள்.

நவம்பர் 4

ஐயோ. ஐயோ. கடைசிப் பத்தியை எடுக்கவே இல்லை.

"நான் விட்டுச் செல்வது: என் மாணவர்கள், ஓர் ஓட்டைப் படகு, அக்கா ட்ரூடி, மற்றும் மரிவிக். அவள் இல்லாவிட்டால் இதில் பாதி நடந்திருக்காது. அடக்க ஆராதனைக்குப் பின் கீழ்த்தளத்தில் பன்னும் காபியும் உண்டு."

எத்தனை தடவை படிச்சேன்! கண்ணு எங்க போச்சு? ஆய்வு அலுவலகத்துக்கு போன் போட்டால், போனது போனதுதான், திரும்ப எடுக்க முடியாது என்கிறார்கள். ஒரு பன்னால் மரிவிக்கின் வேலை போகப் போகிறது.

நவம்பர் 5

அவளிடம் சொன்னேன். காட்டுங்க என்றாள். மெதுவாகப் படித்தாள்.

"பாதியா?"

"என்ன பாதி?"

"நான் இல்லாட்டி பாதி நடந்திருக்காதுன்னு போட்டிருக்கீங்க. முக்கால்வாசி."

சல்லடைகளைக் கழுவப் போனவள், வாசலில் திரும்பினாள். "ஊறுகாயை விட்டுட்டீங்க டாக்டர். உங்கம்மா அடக்கத்துக்கு ஊறுகாய் இருந்துச்சே."

ஜனவரி 16

நீர்ப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் மரிவிக்குக்கு நேர்காணல். பரிந்துரைக் கடிதம் கேட்டாள். ஆளைக் கொல்லாமலே நல்லதாக எழுத வந்தது. அனுப்பத்தான் மனம் வரவில்லை. கடைசியில் அனுப்பிவிட்டேன்.

மார்ச் 27

கிடைத்துவிட்டது! ஐந்து வருடத்துக்கு. குழுவின் குறிப்பில் கடைசி வரி: "விண்ணப்பதாரர் இந்த ஐந்து ஆண்டுகளிலாவது எதையும் விட்டுச் செல்லாமல் இருக்கக் கேட்டுக்கொள்கிறோம்."

அக்காவிடம் சொன்னேன். "ஈஸ்டருக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கே, அதுக்குள்ள உயிரோட எழுந்துட்டியா?"

மரிவிக் வாழ்த்துச் சொன்னாள். அந்தப் பரிசோதனைக்கூடமும் அவளை வரச் சொல்லியிருக்கிறதாம். சம்பளம் அதிகம். போ என்று சொல்லவேண்டியவள் நான். வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு உரித்தேன்.

ஏப்ரல் 24

மரிவிக் தனக்கென்று வரவழைத்த ஒரு பெட்டி ஆய்வகத்துக்கு வந்தது. உள்ளே இடுப்பு வரை ஏறும் புது ரப்பர் பூட்ஸ்.

"அந்த வேலை?" என்றேன்.

"வேண்டாம்னுட்டேன். அங்க யார் செத்தாலும் என்னைப் பத்தி எழுத மாட்டாங்க டாக்டர்."

போட்டுக்கொண்டு தாழ்வாரம் முழுக்கக் கீச்சு கீச்சென்று நடந்து பார்த்தாள். திங்கட்கிழமை சதுப்புக்குப் போகிறோம்.