பன்றி மரம் ஏறுமோ

4.3.1996
நான் வேலை செய்கிற வீட்டுச் சின்யோரா ரோமுக்குப் போய்விட்டா. சனிக்கிழமை வருவா. பகேரியா வீடும் அந்த முள்ளம்பன்றியும் என் தலையில். அவவின் செத்துப்போன மனுசன் தென் அமெரிக்காவிலிருந்து அவவுக்குக் கொண்டுவந்து கொடுத்ததாம். கூட்டைக் கழுவும்போது பார்த்தேன், மேல்மூடிக் கம்பி அறுந்து கிடக்கிறது. அதை விட்டுவிட்டு அடியைச் சுற்றிக் கல் அடுக்கினேன். மன்னாரில் வளை தோண்டுகிற சாதியைத்தானே கண்டிருக்கிறேன். பன்றி மேலே ஏறுமோ?

5.3
கூடு வெறுமை.
கையும் ஓடேல்லை, காலும் ஓடேல்லை. திங்கட்கிழமை சின்யோரா பொலிஸ் கந்தோருக்கு, குவெஸ்தூராவுக்கு வந்து, இவள் என் வீட்டில்தான் வேலை செய்கிறாள் என்று சொன்னால்தான் எனக்கு இத்தாலியில் இருக்கிற அனுமதி, பெர்மெஸ்ஸோ, புதுப்பிப்பார்கள். அவவின் மிருகத்தைத் தொலைத்தவளுக்காக வருவாவோ? பெர்மெஸ்ஸோ இல்லையென்றால் திரும்பவும் ஊரில் சண்டைக்குள்தான் போகவேணும். கடவுளே, என்ன செய்யப் போறன்?

6.3
என் மனுசன் அகஸ்ரின் தான் வேலை செய்கிற ஸ்ஃபெர்ராகவால்லோ ரெஸ்ரோறண்டில் லீவு கேட்டு வந்தார். இரண்டு பேரும் தோட்டம் முழுக்கக் குனிந்து வளை தேடினோம். ஒன்றுமில்லை. கிழங்கு வெட்டி வைத்தோம். பூனை வந்து மணந்து பார்த்துவிட்டுப் போனது.
"ரோட்டிலை அடிபட்டிருக்கும், விடும்" என்றார். ஆறுதல் சொல்லுற வாயைப் பார். கத்திவிட்டேன்.

7.3
தொலைந்ததைத் தேடித் தருகிற அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தேன்.

8.3
உடுப்புக் காயப்போடும்போது தலையில் இலைத் துணுக்குகள் விழுந்தன. நிமிர்ந்தால் – ஒலிவ் மரத்து உச்சியில் முள்ளம்பன்றியார் இருக்கிறார்! குரங்கு மாதிரி வாலைக் கொப்பில் சுற்றிக்கொண்டு இலை சப்புகிறார். தென் அமெரிக்காச் சாதி மரம் ஏறும் போல. நாங்கள் நிலத்தைக் கிண்டிய நேரமெல்லாம் எங்கள் தலைக்கு மேலேதான் இருந்திருக்கிறார்.
பின்னேரம் அகஸ்ரின் ஏணி வைத்து ஏறினார். அது முள்ளைச் சிலிர்த்தது. ஏறினதை விட வேகமாக இறங்கிவிட்டார். நாளைக்கு அவ வாறா.

9.3
சொல்ல ஒரு பொய் யோசித்து வைத்திருந்தேன். அவவைக் கண்டதும் வாசலிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மரத்தைக் காட்டினேன். அவ மரத்தைப் பார்க்கவில்லை, மதிலுக்கு அப்பால் ரோட்டைப் பார்த்தா. முகம் வெளிறிவிட்டது.
"யாராவது கண்டார்களா?"
இல்லை என்றேன். அதை வைத்திருக்க அவவிடம் ஒரு பேப்பரும் இல்லையாம். பொலிசுக்குத் தெரியவந்தால் வழக்காம்.
வாழைப்பழம் காட்டி அவ கூப்பிட, அது மெல்ல இறங்கி வந்தது. திங்கட்கிழமை வருவாவோ என்று கேட்காமலே கூட்டின் அறுந்த கம்பியைக் கட்டினேன்.

11.3
அவவே காரில் வந்து என்னை ஏற்றினா. குவெஸ்தூராவில் பொலிஸ்காரர் கேட்டார்: அந்த வீட்டில் உனக்கு என்ன வேலை? மேசைக்குக் கீழே சின்யோரா என் கையை இறுக்கிப் பிடித்தா.
"சமைக்கிறது, கூட்டித் துடைக்கிறது" என்றேன். கூடு கழுவுறதைச் சொல்லவில்லை.
பெர்மெஸ்ஸோவில் முத்திரை குத்தினார். வெளியே வெயிலுக்கு வந்த பிறகும் அவ என் கையை விடவில்லை.