தலை நுழையாத ஸ்வெட்டர்

செவ்வாய், இரவு.

ஆபீஸ் கேப் வண்டியில் திரும்பும்போது ஹெப்பகோடியிலிருந்து சாந்தி அக்கா போன் செய்தார். எங்கள் வாட்ஸ்அப் பின்னல் குழுவில் நான் எழுதிப் போட்ட குழந்தை ஸ்வெட்டர் பேட்டர்னைப் பார்த்துப் பின்னியிருக்கிறார்.

"கழுத்துல பாப்பா தலை நுழையவே இல்லம்மா. என் கைதான் இறுக்கம்னு ரெண்டு வாட்டி பிரிச்சுப் போட்டேன்."

"குரூப்லயே சொல்லியிருக்கலாமேக்கா?"

"எல்லாரும் சூப்பர்னு போடறாங்க. நான் மட்டும் எப்படிம்மா குறை சொல்றது?"

சொல்லாமல் இருந்துவிட்டாரே என்று கோபம் வந்தது. ஆனால் தப்பு என்னுடையது. நான் தளர்வாகப் பின்னுகிறவள். என் கைக்குச் சரியாக வந்ததையே எல்லோருக்கும் அளவாக எழுதிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் குழுவை முழுக்கப் பார்த்தேன். பாராட்டு கொட்டிக் கிடக்கிறது. ஸ்வெட்டர் போட்ட குழந்தையின் படம் ஒன்றுகூட இல்லை.

இன்னும் யார் யார் தங்கள் கையைத் திட்டிக்கொண்டு பிரிக்கிறார்களோ. இதை எழுதும்போதே குழுவில் அந்தப் பேட்டர்னுக்கு இன்னொரு இதயக் குறி வந்து விழுகிறது.